வாசிக்கக் கூடாத பிரதி

ஒரு நாவல் வாங்குகிறீர்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: பதிப்பாளரின் அனுமதியில்லாமல் இந்நூலுக்கு மதிப்புரை வெளியிடக் கூடாது. என்ன செய்வோம்? சிரித்துவிட்டு அன்றைக்கே ஒரு மதிப்புரை எழுதிப் போடுவோம். ஆனால் வங்கிகளும் விமான நிறுவனங்களும் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கும் டேட்டாபேஸ் மென்பொருள்களின் ஒப்பந்தங்களில் ஏறக்குறைய நாற்பது வருஷமாக இப்படியொரு வரி இருந்துவருகிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை. துறைக்குள் அதற்கு ஒரு பெயர்கூட உண்டு: டிவிட் ஷரத்து.

இந்த மென்பொருள்களை வைத்துத்தான் என் பிழைப்பு. பகலில் அவற்றின் கையேடுகள், ராத்திரியில் நாவல்கள். இரண்டையும் ஒரே கண்ணால் படித்தால் என்ன என்ற எண்ணம் ரொம்ப நாளாக இருந்தது. ஒரு விளம்பர வாசகம், ஒரு ஒப்பந்த ஷரத்து, ஓர் அதிகாரியின் கட்டுரை ஆகிய மூன்றையும் இங்கே பிரதிகளாக எடுத்துக்கொள்கிறேன். மூன்றுமே ஆரக்கிள் நிறுவனத்தோடு சம்பந்தப்பட்டவை. அந்த நிறுவனம் மட்டும் மோசம் என்பதால் இல்லை. மற்றவர்கள் மென்று விழுங்கியதை அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஷரத்து. 1983ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டிவிட், தினா பிட்டன், கரோலின் டர்பிஃபில் ஆகியோரோடு சேர்ந்து ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். வெவ்வேறு டேட்டாபேஸ்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு, எது எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்று அளந்தார்கள். ஆரக்கிளுக்கு அதில் நல்ல மதிப்பெண் கிடைக்கவில்லை. நிறுவனர் லாரி எலிசன் கோபத்தில் துறைத் தலைவரையே அழைத்து டிவிட்டை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னதாக ஒரு கதை துறையில் பரவலாகச் சொல்லப்படுகிறது. டிவிட்டின் வேலை போகவில்லை. பதிலாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது: அனுமதியில்லாமல் இந்த மென்பொருளின் சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது. மற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் அதையே பின்பற்றின.

இதன் விளைவு கொஞ்சம் வேடிக்கையானது. இன்றும் ஆய்வுக்கட்டுரைகளில் 'சிஸ்டம் எக்ஸ்', 'வணிக டேட்டாபேஸ் ஏ' என்றெல்லாம் பெயர்கள் வரும். நம்மூர் பத்திரிகைக் கிசுகிசுவில் 'அந்த மூன்றெழுத்து நடிகை' என்று வருமே, அதே உத்தி. யாரென்று எல்லாருக்கும் தெரியும், எழுத முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இரண்டு டேட்டாபேஸ்களை ஒப்பிட்டு ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை தயாரித்தோம். சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்பியபோது இரண்டு பெயர்களும் காணாமல் போயிருந்தன. வில்லன் யாரென்றே தெரியாத துப்பறியும் கதை போலிருந்தது.

சரி, வேகம் போகட்டும். பாதுகாப்பு?

இரண்டாவது பிரதி, விளம்பரம். 2001 நவம்பரில் எலிசன் தன் டேட்டாபேஸை 'அன்பிரேக்கபிள்' என்று அறிவித்தார். உடைக்கவும் முடியாது, உள்ளே நுழையவும் முடியாது என்பது விளம்பரத்தின் சாரம். இரண்டும் வேறு வேறு வாக்குறுதிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை நிற்காது என்பது. அது பொறியியல், ஓரளவு நிரூபிக்கவும் முடியும். இரண்டாவது, திருடன் நுழைய மாட்டான் என்பது. அதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்ததில், முன்னதன் உண்மை பின்னதற்கும் கடன் கொடுக்கப்பட்டுவிடுகிறது. விளம்பர மொழியாக இது கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

அந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் படித்துப் பார்த்த வாசகர் ஒருவர் இருந்தார். டேவிட் லிட்ச்ஃபீல்ட், பிரிட்டனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர். 2002ன் தொடக்கத்திலேயே ஆரக்கிள் சர்வர்களில் உள்ள ஓட்டைகளை வரிசையாக எழுதி வெளியிட்டார். சில நுட்பமானவை, சில சாதாரணமானவை. சாதாரணத்துக்கு ஓர் உதாரணம், அந்த டேட்டாபேஸைத் தொட்ட எல்லாருக்கும் தெரிந்த 'ஸ்காட்', 'டைகர்' ஜோடி. ஸ்காட் என்பது நிறுவனத்தின் ஆரம்பகாலப் பொறியாளர் ஒருவரின் பெயர், டைகர் அவர் வீட்டுப் பூனை. மாதிரிக்காக வைத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பதிப்புக்குப் பதிப்பு அப்படியே கூடவே வந்தன. கோட்டை என்று சொல்லிவிட்டு, சாவியை ஊரறிந்த பூனையின் பெயரில் விட்டுவைத்திருந்தார்கள்.

இங்கே லிட்ச்ஃபீல்டை நாயகனாக்கி முடித்துக்கொள்ளலாம். ஆனால் கதை அப்படி நேராகப் போகவில்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரிலும் அவர் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். முறைப்படி நிறுவனத்திடம் சொன்னார். 2002 ஜூலையில் அதை அடைக்கும் பேட்ச் வெளியானது. அதன்பிறகு, ஓட்டை எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் மாதிரி நிரலை ஒரு கருத்தரங்கில் வெளியிட்டார். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. மொத்தமே 376 பைட், இந்தப் பத்தியைவிடச் சின்னது. பத்தே நிமிடத்தில், தொற்றக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்துக்கு மேல் தொற்றிவிட்டது. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் பல பணம் தரவில்லை. புழுவை எழுதியவர் தன் மாதிரி நிரலையே அச்சாக வைத்திருந்ததை லிட்ச்ஃபீல்ட் பகிரங்கமாகச் சொன்னார். இனி இப்படி வெளியிடுவது சரிதானா என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் செய்தார்.

ஆகவே விமர்சனம் எப்போதும் நல்லது, புண்படுவதெல்லாம் ஆசிரியரின் அகங்காரம் மட்டும்தான் என்ற சௌகரியமான வாதம் இங்கே செல்லாது. கவிதையைப் பற்றி எழுதினால் கவிஞருக்குத் தூக்கம் போகும். இதில் ஏடிஎம் வாசலில் நிற்பவருக்குப் பணம் வராமல் போகும். இந்தச் சங்கடத்தை வைத்துக்கொண்டுதான் மூன்றாவது பிரதியைப் படிக்க வேண்டியிருக்கிறது.

2015 ஆகஸ்ட்டில் ஆரக்கிளின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி மேரி ஆன் டேவிட்சன் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் மென்பொருளைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள், அது ஒப்பந்தத்தை மீறுவது, ஓட்டைகளைத் தேட எங்களுக்கே தெரியும் என்பதுதான் சாரம். எள்ளல் கலந்த, சரளமான நடை. நல்ல நடை என்றே சொல்வேன். அதில் நியாயமும் இருக்கிறது: முதலில் பேட்ச் போடுங்கள், முக்கியமான தரவை என்க்ரிப்ட் செய்யுங்கள், வீட்டைப் பூட்டாமல் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்காதீர்கள் என்கிற மாதிரியான நியாயம். எழுந்த எதிர்ப்பில் நிறுவனமே கட்டுரையை நீக்கிவிட்டு, அது தங்கள் கருத்தைப் பிரதிபலிக்கவில்லை என்றது. ஆனால் அவர் சுட்டிய ஷரத்து நீங்கவில்லை. அதாவது, கருத்து தங்களுடையதல்ல, சட்டம் மட்டும் தங்களுடையது.

அக்கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. ஓட்டைகளில் 87 சதவீதத்தை நாங்களே கண்டுபிடிக்கிறோம், வெளி ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது ஏறக்குறைய 3 சதவீதம்தான். பிரச்சினை இந்த எண்ணில்தான் இருக்கிறது. அது ஓட்டைகளை எண்ணுகிறது, எடை போடவில்லை. ஸ்லாமர் நுழைந்தது ஒரே ஒரு ஓட்டை வழியாகத்தான். எழுதியவர் எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. எழுதியவருக்கு என்ன எழுத நினைத்தோம் என்பது தெரியும். அதனாலேயே உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிவதில்லை. வெளியாள் தேவைப்படுவது அந்த மூன்று சதவீதத்துக்காகத்தான்.

மூன்று பிரதிகளுக்கும் அடியில் ஒரே உருவகம் ஓடுகிறது: கோட்டை. கோட்டை என்று நினைத்துவிட்டால் வெளியே நிற்பவர் எல்லாம் எதிரி. சுவரைத் தட்டிப் பார்ப்பவரும் எதிரி, தகர்ப்பவரும் எதிரி. ஆனால் டேட்டாபேஸ் கோட்டையே இல்லை. அது பதில் சொல்வதற்காகச் செய்யப்பட்ட பொருள். ஒழுங்காகக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்லிவிடும், அதுதான் அதன் வேலை.

எக்விஃபாக்ஸ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைச் சேகரித்து விற்கும் நிறுவனம் அது. 2017ல் திருடர்கள் ஒரு வலைச் செயலியின் ஓட்டை வழியாக உள்ளே வந்தார்கள். அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது, போடவில்லை. உள்ளே ஒரு கோப்பில் பாஸ்வேர்டுகள் மறையாக்கம் இல்லாமல் அப்படியே கிடந்தன. அவற்றை வைத்து 48 டேட்டாபேஸ்களிடம் ஏறக்குறைய 9,000 கேள்விகள் கேட்டார்கள் என்கிறது அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை. டேட்டாபேஸ்கள் எதுவும் உடையவில்லை. பணிவாகப் பதில் சொல்லின. 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

இதற்கு நிறுவனங்களின் பதில் என்ன? அந்தச் செய்தி வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2017 அக்டோபரில், தனக்குத் தானே பேட்ச் போட்டுக்கொள்ளும் 'அட்டானமஸ்' டேட்டாபேஸை எலிசன் அறிவித்தார். மனுஷன் மறப்பான், தள்ளிப்போடுவான், மெஷின் போடாது. நியாயம்தான். ஸ்லாமரிலும் எக்விஃபாக்ஸிலும் பேட்ச் கையில் இருந்தும் போடாததுதான் வினை. இரவு ரெண்டு மணிக்கு பேட்ச் போட விழித்திருந்தவன் என்ற முறையில் இதை நான் வரவேற்கவே செய்கிறேன். ஆனால் தெரிந்த ஓட்டையைத்தான் அது அடைக்கும். தெரியாததைக் கண்டுபிடிக்க யாரோ ஒருவர் தப்பான கேள்வியைக் கேட்டுப் பார்த்தாக வேண்டும். அந்த ஆளை ஒப்பந்தம் இன்னும் வெளியேதான் நிறுத்தியிருக்கிறது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடலாமா? திறந்த நிரல் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2013 ஏப்ரலில் ஒரு கடுமையான ஓட்டைக்குப் பேட்ச் தயாரானபோது, யாரும் எப்போதும் படிக்கக்கூடிய தங்கள் நிரல் களஞ்சியத்தை அவர்கள் கொஞ்ச நாள் பொதுப் பார்வையிலிருந்து மூடினார்கள். மூடப்போவதையும் முன்கூட்டியே அறிவித்தார்கள். பேட்ச் வெளியானதும் திறந்துவிட்டார்கள். லிட்ச்ஃபீல்டின் சங்கடத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான். விமர்சனத்தைத் தள்ளிப்போடலாம், தேதி சொல்லிவிட்டுத் தள்ளிப்போட வேண்டும். தடை என்பது தேதியே இல்லாத தள்ளிப்போடல்.

நிலைமை கொஞ்சம் மாறியும் வருகிறது. 2021 நவம்பரில் டேட்டாப்ரிக்ஸ் நிறுவனம் டிவிட் ஷரத்தைத் தன் ஒப்பந்தத்திலிருந்து நீக்கியது, அதன் போட்டியாளர் ஸ்னோஃப்ளேக்கும் நீக்கியது. இருவருக்கும் நடுவில் யார் வேகம் என்ற சண்டைதான் காரணம், ஞானோதயம் இல்லை. இருந்தாலும் போனது போனதுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுவது இரண்டு பேர், விற்பவரும் வாங்குபவரும். எக்விஃபாக்ஸில் விவரம் போனவர்களில் பெரும்பாலானோர் அந்த நிறுவனத்திடம் தாங்களாகப் போய் எதையும் கொடுத்தவர்கள் இல்லை. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவரின் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் கடனும் இருக்கின்றன. அந்த ஆள் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. அவர் சார்பாகச் சுவரைத் தட்டிப் பார்க்கப் போகிறவரைத்தான் அந்த ஷரத்து தடுக்கிறது.

இப்போதெல்லாம் புதிதாக ஒரு டேட்டாபேஸைப் பரிந்துரைக்கச் சொன்னால், வேகத்தையோ விலையையோ பார்ப்பதற்கு முன்னால் அதன் லைசென்ஸைத் திறந்து இரண்டு விஷயங்களைத் தேடுகிறேன்: சோதனை முடிவை வெளியிடலாமா, பிரித்துப் பார்க்கலாமா. பத்து நிமிட வேலைதான். தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லும் பிரதியை நம்பி இன்னொருவரின் முகவரியை ஒப்படைக்க எனக்கு மனசு வருவதில்லை.