ஊழியும் அண்டமும்: காவிரிப் படுகையின் பிரளயக் கதைகள்

புராணங்கள் சொல்லும் உலக முடிவில் நெருப்பும் காற்றும் வறட்சியும் உண்டு. காவிரிப் படுகையின் புகழ்பெற்ற தலபுராணங்கள் எடுத்துக்கொண்டதோ வெள்ளத்தை. கும்பகோணத்தில் ஒரு குடம் மிதந்து வருகிறது. சீர்காழியில் சிவனும் உமையும் தோணியில் வருகிறார்கள். அதனால் அவ்வூர் தோணிபுரம். திருப்புறம்பியத்தில் பிள்ளையார் வெள்ளத்தை ஊருக்குப் புறம்பே நிறுத்திவிடுகிறார்.

கும்பகோணக் கதை இவற்றுள் செறிவானது. பிரளயத்துக்கு முன் பிரமன் படைப்பு வித்துகளையும் அமுதத்தையும் குடத்தில் இட்டு, மாவிலையும் தேங்காயும் பூணூலும் சார்த்தி, உறியில் வைக்கிறான். மிதந்துவந்து தங்கிய குடத்தை வேடனாக வந்த சிவன் அம்பெய்து உடைக்கிறார். சிந்திய அமுதம் மகாமகக் குளமாகவும் பொற்றாமரைக் குளமாகவும் தேங்கியது. குடத்தின் ஓடும் மணலும் சேர்ந்த இலிங்கமே ஆதிகும்பேசுவரர். விதைநெல்லைக் கோட்டை கட்டி அடுத்த பட்டத்துக்குக் காத்துவைக்கும் நாட்டில், உலக முடிவு அறுவடைக்கும் நாற்றங்காலுக்கும் இடைப்பட்ட காலமாகவே கற்பனை செய்யப்பட்டிருக்கிறது. குடம் உடைந்தால்தான் விதைப்பு.

இக்கதைகளுக்கு ஒரு குறையும் உண்டு. ஒவ்வோர் ஊரும் தன்னையே தப்பிய ஊராகச் சொல்லிக்கொள்கிறது. எல்லாத் தலபுராணங்களையும் சேர்த்துப் படித்தால் பிரளயத்தில் மூழ்கிய ஊரே இல்லையோ என்று தோன்றும்! புறம்பே நின்ற வெள்ளத்தில் அகப்பட்டவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

அண்மைக்காலத்தில் இவற்றை அறிவியலாகக் காட்டும் போக்கு பெருகியுள்ளது. பிரமனின் ஒரு பகலான கற்பம் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு, பார்த்தீர்களா என்பார்கள். ஆனால் புராணக் கணக்கின்படி இந்தக் கற்பத்தில் கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுதான். முழுப் பகலின் அளவை எடுத்துக் கழிந்த காலத்தோடு ஒப்பிடுவது கணக்கே ஆகாது.

மாணிக்கவாசகர் தில்லையில் பாடியதாகச் சொல்லப்படும் திருவண்டப்பகுதிக்கும் இதே கதி. அண்டங்கள் 101 கோடிக்கு மேல் என்று அதில் வருவதை வானியல் முன்னறிவு என்கிறார்கள். நமது பால்வழி மண்டலத்தில் மட்டுமே 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. எண்ணை வைத்துப் போட்டியிட்டால் கவிஞர் தோற்பார். அவர் எண்ண வரவில்லை. அத்தனை அண்டங்களும் இறைவன் முன்னே, வீட்டுக்குள் விழும் வெயில் கற்றையில் மிதக்கும் தூசு போலச் சிறுத்துவிடுகின்றன என்பதே அவர் சொல்வது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் மனிதன் தன் அளவை விட்டு வெளியே போக எடுத்த முயற்சி இது. கோயில் கதைகள் ஊழியை ஊரளவுக்குச் சுருக்க, இப்பாட்டு அண்டத்தையே தூசாக்கிவிடுகிறது.

இதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் தொடக்க அடிகளோடு நின்றுவிடுகிறார்கள். பாட்டு 182 அடி. பின்னர் அதே இறைவன் கார்மேகமாகிறான். மழை பொழிகிறது, வெள்ளம் பெருகி ஓடுகிறது. அந்த வெள்ளம் வேரோடு பறிப்பது இருவினை என்னும் மரத்தை. அது வயலுக்கு வருகிறது. அங்கே தொண்டர்கள் உழவர்களாகி விதைக்கிறார்கள்.