மேய்ப்பனுக்குரிய பாடம்

கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்தில் ஆட்டைப்போல் அடிக்கடி வரும் விலங்கு வேறில்லை. பிரசங்கத்திலும், கீர்த்தனையிலும், ஞாயிறு பள்ளிப் பாடத்திலும் அது வந்து நிற்கின்றது. அது வந்தவுடன் ஓர் உபதேசமும் வருகின்றது. ஆடு சாதுவானது, நீயும் சாதுவாயிரு. ஆடு மேய்ப்பன் குரலுக்குச் செவிசாய்க்கும். நீயும் பெரியோர் குரலுக்குச் செவிசாய். கூட்டத்தை விட்டு விலகிய ஆடு கெட்டது. ஆகலின் நீ விலகாதே. இவ்வாறு கால்நடை வளர்ப்பிலிருந்து விசுவாசப் பாடம் எடுக்கும் வழக்கம் நம்மிடை வேரூன்றிவிட்டது. இவ்வழக்கம் இலக்கிய முறைக்கு ஒத்ததா? மூலநூல் இதற்கு இடந்தருகின்றதா? இவ்விரண்டு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

விலங்கை உவமையாக ஆளும் புலவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, விலங்கு விலங்காகவே நம் கண்முன் நிற்றல் வேண்டும். அதன் பசியும் தாகமும் நோவும் மெய்யாயிருத்தல் வேண்டும். இரண்டாவது, உவமை தரும் பாடம் உரியவர்மேல் சென்று விழுதல் வேண்டும்.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டை நோக்குக. அந்நூல் 103 அடிகளே உடையது. போர்மேற் சென்ற தலைவன் மீள்வானா என்று அறிய, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தில் நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அங்கே ஓர் ஆய்மகள், கயிற்றில் கட்டுண்டு தாயை நினைந்து வருந்தும் கன்றை நோக்கி, உன் தாய்மார் இப்பொழுதே வந்துவிடுவர் என்று தேற்றுகின்றாள். அச்சொல்லே தலைவிக்கும் நன்னிமித்தமாகின்றது. ஆய்மகள் உபதேசம் செய்ய வந்தாளில்லை, கன்றுக்காகவே பேசினாள். கன்றின் துயர் மெய்யாயிருந்தமையால் அதிற் பிறந்த ஆறுதலும் மெய்யாயிற்று. இஃதன்றோ உவமையின் உயிர்!

இவ்வுரைகல்லைக் கிறிஸ்தவ நூல்களிடம் கொண்டு செல்வோம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-இல். பவர் என்பாரின் தலைமையில் அறிஞர் குழு திருத்தி 1871-இல் வெளிவந்த விவிலியம் இன்றும் புராட்டஸ்தாந்து சபைகளில் வழங்குகின்றது. 'மேய்ப்பன்' என்பது அதன் சொல். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ 'ஆயர்' என்கின்றது. முன்னது தொழிலைச் சொல்லுகின்றது. பின்னது முல்லைநில மக்களின் பெயர். இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் 'ஆயர்' என்பது கத்தோலிக்க மறைமாவட்டத் தலைவருக்குப் பட்டமாகவும் வழங்கலாயிற்று. ஆங்கிலத்தில் 'பாஸ்டர்' என்னும் சொல்லுக்கும் இலத்தீனில் மேய்ப்பன் என்பதே பொருள். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற எம்மனோர் அதனை ஆயிரமுறை உச்சரித்திருப்போம். ஒருமுறையேனும் அதில் ஆட்டுப்பட்டியின் வாடை வீசியதுண்டா? பட்டம் நிலைத்தது, தொழில் மறைந்தது.

காவிய உலகிலும் இந்நிலை உண்டு. ஆங்கிலப் புலவர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவியே, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தை நமக்கு அளித்தார். பனியன் நூலில் ஒரு மலைமேல் நான்கு மேய்ப்பர் வருகின்றனர். அறிவு, அனுபவம், விழிப்பு, நேர்மை என்பன அவர்கள் பெயர்கள். உச்சியில் நின்று பயணிகளுக்கு வழியிலுள்ள இடர்களைக் காட்டுகின்றனர். நல்ல பணியே. ஆயினும் அவர்கள் மந்தையில் எந்த ஆடு நொண்டிற்று, எதற்குக் காய்ச்சல் என்பதை நாம் அறியோம். உருவகம் முற்றியவிடத்து விலங்கு மறைந்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

மூலநூலோ அத்தகையதன்று. அதில் ஆடும் மெய்; மேய்ப்பன் படும் பாடும் மெய். லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில் நூறு ஆடுகளில் ஒன்று காணப்படவில்லை. ஜொகூரில் தோட்டக் கிராணியாக இருப்பவனுக்கு இஃது அன்றாடக் கணக்கு. விடியற்காலைப் பெரட்டில் நூறு பேருக்கு 99 பேர் வந்து நின்றால் அது நல்ல நாள். வராத ஒருவனுக்குச் செக்ரோலில் ஒரு குறி, அவ்வளவே. முன்னாள் மலாயாவில், வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு இவ்வளவு காசு என்று கங்காணிக்குத் தலைக்கணக்கில் பணம் கிடைத்துவந்தது. அங்கும் தலைகள் எண்ணப்பட்டன, கதையிலும் எண்ணப்படுகின்றன. எதற்காக எண்ணினர் என்பதே வேறுபாடு.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பு நுட்பம் ஒன்றுண்டு. 1871-ஆம் ஆண்டுத் தமிழில் ஆடு 'காணாமற்போகின்றது'. 1611-ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும், அதற்கு மூலமான கிரேக்கத்திலும், ஆட்டை இழப்பவன் மேய்ப்பன். எழுவாய் அவனே, இழந்தவனும் அவனே. மத்தேயு வழித்தவறிய ஆட்டைப்பற்றிச் சொல்லுகின்றார், மெய்தான். லூக்காவோ பொறுப்பை உடையவன்மேல் வைக்கின்றார். இழந்தவன் தேடுகின்றான், கண்டவுடன் தோளில் சுமந்து வருகின்றான். ஆட்டைக் கடிந்துகொள்ளும் சொல் ஒன்றேனும் அக்கதையில் இல்லை. கடிதல் முழுவதும் நம் பிரசங்கியார் சேர்த்தது.

அடுத்து, யோவான் 10-ஆம் அதிகாரம். ஓநாய் வரக்கண்டு ஓடுபவன் 'கூலியாள்' என்று அங்கே சொல்லப்படுகின்றது. தோட்டத் தமிழன் செவியில் இச்சொல் எவ்வாறு விழும்? கூலி என்பது உழைப்பின் விலைக்குப் பெயர். மலாயாவிலும் இலங்கையிலும் அது உழைப்பவனுக்கே பெயராக்கப்பட்டது. அப்பெயரைச் சுமந்த பாட்டனின் பேரன் கோயிலில் அமர்ந்து, கூலியாள் நம்பத்தகாதவன் என்று கேட்டால் அவன் நெஞ்சு சுருங்காதா?

விடை அதே நூலில் இருக்கின்றது. ஆதியாகமம் 31-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் மாமன் லாபானிடம் வழக்குரைக்கின்றான். இருபது ஆண்டுகள் அவன் பிறர் மந்தையை மேய்த்தவன். பீறுண்ட ஆட்டின் நட்டத்தைத் தானே ஏற்றான். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் உறக்கமிழந்தான். முதலாளியோ அவன் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினான். யாக்கோபு மாசற்றவனல்லன், தந்திரமும் அறிந்தவன். ஆனால் மந்தையை விலங்கின் வாயில் விட்டு ஓடியவனல்லன். எனவே, யோவான் காட்டும் குற்றம் கூலி வாங்குவதன்று; ஆடுகளைப்பற்றிய கவலையின்மையே. அக்கவலையின்மை சம்பளப் பட்டியலின் எந்த வரியிலும் இருத்தல் கூடும். முதல் வரியிலும் இருத்தல் கூடும்.

போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்று உபாகமம் விதிக்கின்றது. பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதுகையில் இதனை எடுத்தாண்டு, கடவுள் மாடுகளுக்காகவா கவலைப்படுகின்றார் என்று வினவி, உழைப்பவர்க்கு அவ்வுழைப்பில் பங்குண்டு என்று முடிக்கின்றார். முடிவு சிறந்தது, வினாதான் நமக்கு ஒப்பாகவில்லை. மாட்டின் வயிறு வெறும் உருவகமானால், நாளை மனிதன் வயிறும் உருவகமாகிவிடும். மாட்டுக்குரியதை மாட்டுக்கு விட்ட பின்னரே மனிதனுக்குரியதைப் பேசுதல் தகும்.

தோட்டத் தமிழர் இதனைப் பிரசங்கமின்றியே அறிந்திருந்தனர். ரப்பர்க் காலத்தில் லயங்களின் பின்னே மாடும் ஆடும் வளர்த்தனர். அவர்கள் வழியாக வந்த மாட்டினத்தை மலேசியக் கால்நடைத் துறையினர் உள்நாட்டு இந்தியக் கறவை மாடு என்றே குறிக்கின்றனர். மரத்தில் வடிவதற்கும் மடியில் சுரப்பதற்கும் அவர்கள் வழங்கிய சொல் ஒன்றே: பால். கன்றுக்கு விடாது கறந்தால் கன்று மாயும். பட்டையைக் கடந்து கத்தி இறங்கினால் மரம் புண்படும். எடுப்பவனுக்கு எல்லையுண்டு என்பது அவர்கள் கைகள் கற்ற வேதம்.

அவ்வெல்லையைக் கடந்தவர்களையே எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் 34-ஆம் அதிகாரத்தில் சாடுகின்றார். கொழுப்பை உண்டு, உரோமத்தை உடுத்து, நலிந்ததைப் பேணாத மேய்ப்பரே அவர் குற்றவாளிகள். யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் ஏழாம் நாள் ஓய்வை விதிக்கையில் மாட்டையும், கழுதையையும், அடிமைப்பெண்ணின் மகனையும், அந்நியனையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்துகின்றது. இன்று ஜொகூர்ச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோருள் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் உளர். நேற்று நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். அந்த 'அந்நியன்' யாரென்று கேட்க நாம் எருசலேம் செல்ல வேண்டுவதில்லை.

நல்ல மேய்ப்பன் உயிரைக் கொடுப்பான் என்பது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்னும் இடைச்சியிடம் அடைக்கலம் தருகின்றார். கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலத்தை இழந்தேன் என்று அம்மூதாட்டி தீயிற் புகுகின்றாள். பிழை அவளுடையதன்று. எனினும் காணாமற்போயினர் என்று அவள் சொல்லவில்லை. இழந்தேன் என்றே சொன்னாள். லூக்காவின் இலக்கணம் மதுரை ஆயர்சேரியில் முன்னரே வழங்கியது காண்க.

ஒரு மறுப்பு எழலாம். 23-ஆம் சங்கீதத்தில் பேசுவது ஆடுதானே? அடங்கி நம்பும் ஆட்டின் குரல்தானே அது? ஆம். துன்புற்றவன் தானே தன்னை ஆடென்று சொல்லிக் கடவுளை நோக்கினால் அது பிரார்த்தனை. அதனை மறுப்பார் யார்? ஆனால் கோல் பிடித்தவன் எதிரே நிற்பவனைப் பார்த்து நீ ஆடு என்றால், அது கயிறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளன் கடமை. விசுவாசியின் கடமையும் அதுவே.

ஆதலின், கால்நடையிடம் பாடம் கேட்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இது: கேளுங்கள், ஆனால் முதலில் தண்ணீர் காட்டிவிட்டுக் கேளுங்கள். பட்டியிலிருந்து பிறக்கும் பாடம், உள்ளே அடைபட்டதற்கன்று. கதவைத் திறக்கும் கைக்கே உரியது.