அறுபது இலைக் கல்யாணம்

ஆயிரம் இலை போடும் கல்யாணத்தில் பணம் தூரத்துக்குச் செலவாகிறது. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று மேடை உயர்கிறது. மேடை உயர்ந்தபின் பூ அலங்காரம் சுவரளவு வேண்டியிருக்கிறது. அதுவும் போதாமல் பக்கத்துக்கு ஒரு எல்.இ.டி. திரை. வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு அறுபது பேரைக் கூப்பிடும் கல்யாணத்தில் இந்தத் தூரமே கிடையாது. மணப்பெண்ணின் மருதாணி எந்த விரலில் அதிகம் சிவந்திருக்கிறது என்பதுகூட ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் சித்திக்குத் தெரியும். ஆகவே கிட்டத்தில் பார்க்க, கேட்க, ருசிக்க எது நன்றாயிருக்குமோ அதற்கே பணத்தைக் கொடுக்க வேண்டும். மிச்சத்தைத் தயங்காமல் வெட்டலாம்.

சாப்பாட்டை முதலில் பேசிவிடுவோம். கல்யாணத்தில் எதைப் பற்றித் தொடங்கினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். சமையல் ஒப்பந்தம் இலைக் கணக்கில் நடக்கிறது. இலை குறைந்தால் ஓர் இலையின் விலை ஏறும். ஆள்கூலியும் வண்டி வாடகையும் கொஞ்ச இலைகள் மேலேயே விழுகின்றனவே! அதில் பேரம் பேசாதீர்கள். அந்தக் கூடுதல் பணத்துக்கு, பெரிய கல்யாணத்தில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்று கிடைக்கிறது: ஈயச் சொம்பு ரசம்.

அண்டா ரசம் இறக்கிய பிறகும் தன் சூட்டிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். பந்திக்கு வரும்போது மிளகு சீரகத்தின் வாசம் போய்க் காரம் மட்டும் நிற்கும். ஈயச் சொம்பு அப்படி இடம் கொடுக்காது. சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்க முடியாது. புளித்தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். விளாவிய பிறகு ஓரத்தில் நுரை கூடி நடுவுக்கு நகரும், அந்த நிமிஷத்தில் இறக்க வேண்டும். பக்கத்திலேயே ஓர் ஆள் நிற்க வேண்டிய வேலை. முப்பது முப்பதாக இரண்டு பந்தி என்றால், நாலைந்து பெரிய சொம்புகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்திக்கும் புதிதாக ரசம் வைக்கலாம். ஆயிரம் பேருக்கு இப்படிச் செய்யச் சொன்னால் சமையல்காரர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அப்பளமும் அப்படித்தான். இலை போட்ட பிறகு பொரித்தால், பருப்பும் நெய்யும் பிசைந்த முதல் கவளத்தோடு நொறுங்கும். காபிக்கு இரண்டு பித்தளை ஃபில்டர் போதும். டிகாக்‌ஷன் அவ்வப்போது இறங்கட்டும். வகைகளை மட்டும் கூட்டிவிடாதீர்கள். இடம் போதாமல் பாதாம் அல்வாவின் நெய் அவியலுக்குள் ஓடும் இலையைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஒரு இனிப்பு, நல்ல பாயசம், முற்றாத வாழைக்காயில் வறுவல். மாமாவுக்குச் சர்க்கரை, அத்தைக்கு வெங்காயம் ஆகாது என்பதெல்லாம் பரிமாறுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். இலை ஒப்பந்தத்தில் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

பூவில் கவனிக்க வேண்டியது நேரம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு மாலையில்தான் அவிழும். அந்திக் கல்யாணமானால், தலையில் வைத்த மொட்டுகள் சடங்கு நடக்க நடக்க ஒவ்வொன்றாக விரியும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வாசம் அலை அலையாக வரும். விடிகாலை முகூர்த்தத்தில் இந்த அழகு இல்லை, முந்தின நாள் மொட்டை ஈரத் துணியில் காப்பாற்றி வைத்ததுதான். தை மாதப் பனியில் மல்லி வரத்து குறைந்து, முகூர்த்த நாளில் கிலோ விலை ஆயிரங்களில் ஏறும். அந்தச் சமயத்தில் மணப்பெண்ணுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் மட்டும் மல்லி வாங்கிவிட்டு, மேடை அலங்காரத்தை மாவிலைக்கும் தென்னங்குருத்துக்கும் விட்டுவிடலாம்.

மாலைக்கு என் ஓட்டு தோவாளை மாணிக்கமாலைக்கு. அரளிப் பூவை மடித்து, நொச்சி இலையை இடையிடையே சேர்த்து, பாய் பின்னுவதுபோலத் தட்டையாகக் கட்டுவார்கள். சிவப்புப் பூவின் மடிப்பு பதித்த கல்லாக மின்னும். 2025இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. பருமனான ரோஜா மாலைக்குள் மாப்பிள்ளையின் முகம் புதைந்துவிடும், கழுத்தும் வலிக்கும். இது மார்போடு படிந்து கிடக்கும். ஆனால் பத்தடி தள்ளி நின்றால் வெறும் சிவப்புப் பட்டையாகத்தான் தெரியும். சின்னக் கல்யாணத்துக்கென்றே பிறந்த மாலை.

கையிருப்பு குறைவு, ஒன்றே ஒன்றுக்குத்தான் தாராளமாகக் கொடுக்க முடியும் என்றால் நாகஸ்வரத்துக்குக் கொடுங்கள். பெரிய மண்டபத்தில் வாசிப்பவர்கள் கதி என்ன? யாரும் கேட்பதில்லை. ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு, தாலி கட்டும்போது கெட்டிமேளம், நடுவில் ஒலிபெருக்கியின் கீச்சு. வீட்டுக் கல்யாணத்தில் ஒலிபெருக்கியே வேண்டாம். நாகஸ்வரம் திறந்தவெளிக்குப் பிறந்த வாத்தியம். வித்வான்களைத் திண்ணையில் உட்காரவைத்தால் ஒலி ரேழி வழியாகக் கூடத்துக்கு வரும்போது அளவாகிவிடும். ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், ஒரு தாளம் போதும். முந்தின நாள் மாலையே வரச்சொல்லி, கடிகாரம் பார்க்காமல் ஒரு தோடி கேளுங்கள். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராகம் அது; அந்த வழியில் வந்தவர்கள் கேட்க ஆளிருந்தால் சந்தோஷமாக வாசிப்பார்கள்.

கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கவும் நிறைய இருக்கிறது. நாகஸ்வரத்தின் கழுத்தில் மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் நூலில் தொங்கும். வாசிப்புக்கு நடுவே வித்வான் ஒன்றைக் கழற்றி, நாக்கில் நனைத்து, வேறொன்றைப் பொருத்துவார். குழல் ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டையில் கடைந்தது என்றால் கூடுதல் மதிப்பு, 2022இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தவில்காரரின் வலக்கை விரல்களில் வெள்ளைக் கூடுகள், இடக்கையில் குச்சி. கெட்டிமேளம் என்று யாரோ விரலை ஆட்டியதும் அதுவரை அலைந்த ராகம் அறுந்து தவில் பொழியும்போது, அந்த அதிர்வு உட்கார்ந்திருக்கும் தரை வழியாக உடம்பில் ஏறும். மண்டபத்துச் சோபாவில் இது கிடைக்காது.

புடவையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: சரிகைக்கு அல்ல, கோர்வைக்குப் பணம் கொடுங்கள். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்ப்பது கோர்வை. மூன்று நாடா ஓட வேண்டும், தறியில் துணைக்கு இன்னொரு கை வேண்டும். இரண்டு நிறமும் சந்திக்கும் கோட்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், பல் பல்லாகப் பிடித்திருக்கும். சரிகை கனம் குறைந்தால் பெண் தரையில் சம்மணமிட்டு உட்காரவும் சுகம்.

சின்னக் கல்யாணம் கஞ்சத்தனம் என்று முணுமுணுக்கும் பெரியப்பாவுக்கு அகநானூற்று 86ஆம் பாட்டைக் காட்டலாம். நல்லாவூர் கிழார் பாடிய அந்தக் கல்யாணத்தில் புது மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, உளுந்து சேர்த்துக் குழைய வெந்த சோறு, நீராட்டப் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள். செலவு அவ்வளவுதான். நீரோடு சொரிந்த ஈர இதழும் நெல்லும் பெண்ணின் கூந்தலில் தங்கியிருந்ததைக் கவி சொல்லியிருக்கிறார். கிட்ட நின்ற கண்ணுக்கே அது தெரியும். சட்டமும் தடையாக இல்லை. அண்ணா அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும் செல்லும். பதிவை மட்டும் 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

அழைப்பிதழுக்கு அதிகம் வேண்டாம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒற்றைத் தாள், நேரில் போய்க் கொடுப்பது. டிரோன் கேமரா வேண்டவே வேண்டாம். கீற்றுப் பந்தலின் மேற்புறத்தைப் படம் பிடித்து யார் பார்க்கப் போகிறார்கள்? தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பாவைத் தவிர்த்து, அந்தக் காசில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை வாங்கலாம், நரம்பு தடித்ததை ஒதுக்கிவிட்டு. தேங்காயை ஆட்டிப் பார்த்துப் பொறுக்க அந்தப் பெரியப்பாவையே அனுப்புங்கள். ஒவ்வொன்றாகக் காதோரம் குலுக்கி, கடைக்காரரோடு சண்டை போட்டு, அரை நாள் கழித்து வந்து சேருவார். அதற்குள் பந்தல் வேலை நிம்மதியாக முடிந்திருக்கும்.