அரக்கிச்சோவின் சுவரும் எங்கள் வாக்குமூலமும்

நிக்கொலா பூவியே 1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கப்பலால் யப்பானில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 26. ஜெனீவாக்காரர். கையில் காசு இல்லை. அந்த நாட்டு மொழியும் தெரியாது. டோக்கியோவில் அரக்கிச்சோ என்ற பழைய பகுதியில் அறை எடுத்துத் தங்கி, எழுதியும் படம் பிடித்து விற்றும் ஏறக்குறைய ஒரு வருடத்தை ஓட்டினார். 1964இல் மனைவி பிள்ளையோடு மறுபடி போனார். அந்தத் தடவை தங்கிய காலத்தில் ஒரு பகுதி கியோத்தோவில், ஒரு கோயில் வளாகத்துக்குள் கழிந்தது. 1967இல் 'யப்பான்' என்று ஒரு நூல் வந்தது. அதையே திருத்தி விரித்து, 1975இல் 'யப்பானியக் காலக்குறிப்புகள்' என்று தமிழில் சொல்லக்கூடிய தலைப்பில் வெளியிட்டார். மூலம் பிரெஞ்சு. பாசலில் உள்ள லெனோஸ் பதிப்பகத்தின் புண்ணியத்தில் பூவியே டொச்சிலும் கிடைக்கிறார். அட்லிஸ்வில்லில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் வழி.

சுவிஸ்காரர் ஒருவர் யப்பானைப் பற்றி எழுதியதில் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். சுவிசில் நாங்கள் வெளிநாட்டவர். பூவியே வெளிநாட்டவராக இருந்த சுவிஸ்காரர். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், யப்பானுக்குப் போவதற்கு முன் அவர் பல மாதங்கள் இருந்த இடம் காலி. ஆம், இலங்கையின் காலிக் கோட்டைதான்.

முதலில் யப்பான். இந்த நூலின் பாதி வரலாறு. யப்பானியரின் படைப்புப் புராணத்தில் தொடங்கி, 1549இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், 1853இல் கறுப்புக் கப்பல்களோடு வந்து கதவைத் தட்டிய அமெரிக்கத் தளபதி பெரி என்று போகிறது. சில இடங்களில் பாடப்புத்தகத்தின் வாடை அடிக்கிறது. அவசரப்படுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடலாம். ஆனால் வரலாற்றுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. வந்த ஒவ்வொரு அந்நியனையும் யப்பானியர் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் அது சொல்லிக்கொண்டு வருகிறது. அரக்கிச்சோவின் ஒழுங்கைக்கு வரும்போது, பூவியே தானும் அந்த வரிசையில் கடைசியாக நிற்கிற ஒரு விசித்திரப் பிராணி என்று வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. ஆகவே தெருவை அவர் பார்ப்பதோடு, தெரு அவரைப் பார்ப்பதும் எழுத்தில் வருகிறது. பயண நூல்களில் இது அபூர்வம்.

அந்தப் பகுதியில் அவர் கண்ட ஒரு சுவர் இருக்கிறது. ஒரு நாடக மேடையின் பின்திரையைப் போன்ற சுவர். அதன் எதிரே கமராவோடு காத்திருந்து, கடந்து போகிறவர்களைப் படம் பிடிக்கிறார். கடைக்காரர், கிழவி, பள்ளிப் பிள்ளை, யாராயிருந்தாலும் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு கணம் நடிகராகிவிடுகிறார்கள். படங்களை ஒரு சஞ்சிகை வாங்கியது. பட்டினி கிடந்த நேரத்தில் அது கைகொடுத்தது. கோயிலையும் பூசி மலையையும் தேடி ஓடாமல், ஒரு சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு வருவது வரட்டும் என்று இருந்ததுதான் அவரது முறை. நூலின் நல்ல பக்கங்கள் எல்லாம் அப்படி எழுதப்பட்டவை. யப்பானிய நண்பன் யூஜியை வைத்து எழுதிய அத்தியாயத்தில் தான் ஒதுங்கிக்கொண்டு, அவனுடைய இளமையை அவனே சொல்ல விடுகிறார். இவ்வளவு தன்னடக்கம் எங்களுடைய 'நான்' கதைகளுக்குக் கொஞ்சம் கடன் கிடைத்தால் நல்லது.

தமிழில் யப்பான் புதிதல்ல. ஏ. கே. செட்டியார் 1930களிலேயே டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தவர்; யப்பானைப் பற்றி எழுதியவர். தி. ஜானகிராமனின் 'உதயசூரியன்' இருக்கிறது. ஜானகிராமன் போய் வந்த பயணி. மணமும் ருசியும் கண்ணுமாக எழுதினார். பூவியேக்குக் கிட்ட வருகிறவர் செட்டியார்தான். அவரும் கமராக்காரர், அவரும் தங்கிப் படித்தவர், அவரும் தன்னை முன்னுக்குத் தள்ளாதவர். புலம்பெயர்ந்தோர் இலக்கியத்துக்கு முன்னோடி தேடுகிற எங்கள் கட்டுரையாளர்கள் செட்டியாரைப் 'பயண இலக்கியம்' என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டது பெரிய நட்டம்.

இனிக் காலி. அந்த அனுபவம் நூலாக வர கால் நூற்றாண்டு எடுத்தது. 1980களின் தொடக்கத்தில்தான் 'தேள்மீன்' என்று சொல்லத்தக்க அந்தச் சிறிய நூல் வந்தது. பிரெஞ்சு விமர்சகர்கள் பலர் அவருடைய எழுத்தின் உச்சம் என்று கொண்டாடுவது அதைத்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் இலங்கையில் பிறந்த ஒருவர் அதைப் படிக்கும்போது தொண்டையில் முள் ஒன்று நிற்கிறது. காய்ச்சல், தனிமை, வெக்கை, சூனியம். எறும்பும் கறையானும் தேளும் மனிதரைவிட உயிரோடு இருக்கின்றன. ஊர்ச்சனம் சோம்பலின் நிழல்களாக அசைகிறது. அடுத்த வருடம், 1956இல், தனிச்சிங்களச் சட்டத்தால் கொதிக்கப்போகிற தீவு அது. அந்தக் கொதிப்பு இந்த நூலின் அறைக்குள் வரவில்லை.

இதை 'வெள்ளைக்காரப் பார்வை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எங்களில் பலர் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரே மனிதர், ஒரே வருடம். காலியில் பூச்சிகளை மட்டும் கண்டவர் டோக்கியோவில் எப்படி மனிதர்களைக் கண்டார்? காலியில் அவர் நோயாளி; கூட வந்த நண்பர் தியெரி வெர்னே ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார்; பேச ஆள் இல்லை. அரக்கிச்சோவில் அவருக்குக் கடன் கொடுக்கிற கடை இருந்தது, அயலவர் இருந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக மொழி வந்தது. ஒரு நாட்டைப் பார்க்கிற கண்ணுக்கு உடல்நலமும் அயலும் வேண்டும். இல்லாதபோது எழுதப்படுவது காய்ச்சலின் நூல். அது நல்ல இலக்கியமாக இருக்கலாம். ஆனால் அந்த நாடு அதில் இராது.

இங்கேதான் பார்வையை எங்கள் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் புலம்பெயர் கவிதைகளில் வருகிற பனியைப் பாருங்கள். இலையுதிர்ந்த மரம், முகமில்லாத மனிதர்கள், மௌனமான தொடருந்து, ஜன்னலோரத்தில் உறைந்த 'நான்'. ஐரோப்பா முழுவதும் ஒரே பனி. சூரிச்சா ஒஸ்லோவா என்று தெரியாது. காலியில் பூவியேக்குப் பூச்சி எப்படியோ, எங்களுக்குப் பனி அப்படி. சுவிஸ்காரரை நாங்கள் பனிக்குள் கரைத்ததைப் போலத்தான் அவர் காலிச் சனத்தை வெக்கைக்குள் கரைத்தார். அவர் மேல் கோபப்படுகிற உரிமை எங்களுக்கு உண்டு. கோபப்பட்டுக்கொண்டே எங்கள் தொகுப்புகளையும் ஒருக்கால் புரட்டிப் பார்க்கலாம்.

ஏன் இப்படி ஆனது? திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. 1980களில் இங்கே வந்த இளைஞர்களிடம் இந்த நாடு கேட்டது ஒன்றைத்தான்: உன் நாட்டில் என்ன நடந்தது? திகதி சொல், இடம் சொல், யார் பிடித்தார்கள், எத்தனை பேர், எந்த முகாம். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, அதிகாரி எழுதிக்கொள்ள, கடைசியில் திருப்பி வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. சுவிஸ் மண்ணில் எங்கள் சனம் உருவாக்கிய முதல் உரைநடை அந்த வாக்குமூலம்தான். அதில் ஒரு திகதி பிசகினால் தஞ்சமே பிசகும். முடிவு வரும்வரை, அது வருடக்கணக்கானாலும், 'என்' அனுமதி அட்டையோடு உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்த நாட்டைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அனுப்பிவிடக்கூடிய இடத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

பூவியேயும் பசி கிடந்தார். ஆனால் அவரிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது. அந்தப் பசிக்கு ஒரு முடிவுத் திகதியை அவரே குறிக்கலாம். அவருடைய கடந்த காலத்துக்கு எவரும் சாட்சி கேட்கவில்லை. ஆகவே ஒரு சுவருக்கு முன்னால் சும்மா நிற்க அவரால் முடிந்தது. இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1970இல் அவர் மறுபடி யப்பானுக்குப் போய்வந்தார். அதே வருடம் ஜூன் மாதத்தில் அவருடைய சொந்த நாடு, வெளிநாட்டவர் தொகையைக் குறைக்கச் சொன்ன சுவார்சன்பாக் முன்மொழிவுக்கு வாக்களித்துக்கொண்டிருந்தது. அது தோற்றது, ஆனால் வாக்களித்தவர்களில் சுமார் 46 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்.

எங்கள் எழுத்தில் வாக்குமூலத்தின் சாயல் இன்னும் போகவில்லை என்பது என் வாசிப்பு. சுவிசிலிருந்து 'மனிதம்' சஞ்சிகை வந்த காலத்தில் அதற்குத் தேவை இருந்தது. ஊரில் பேச முடியாததை இங்கிருந்து பேசினார்கள். சயந்தன் 'அஷேரா'வில் சுவிஸ் வாழ்வை நாவலுக்குள் கொண்டுவந்தபோது ஒரு கதவு திறந்தது. ஆனால் அங்கும் கனம் முழுவதும் பின்னால் விட்டு வந்த காலத்தில்தான் இருக்கிறது. அந்தக் கனம் உண்மையானது. குறை சொல்ல நான் யார்? என் கேள்வி வேறு. குடியுரிமை கிடைத்து, பிள்ளைகள் இங்கே வளர்ந்து, பேரப்பிள்ளை டொச்சில் சண்டை பிடிக்கிற இந்த நேரத்திலும் நாங்கள் அதே அதிகாரியின் மேசைக்கு முன்னால் இருந்துதான் எழுத வேண்டுமா?

அட்லிஸ்வில்லில் எழுதுவதற்கு விடயம் இல்லையென்று சொல்ல முடியாது. அடுக்குமாடியில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஒரு முறைப் பட்டியல் தொங்கும். அந்தப் பட்டியலில் ஒரு நாளை மாற்றிக் கேட்கப் போகிற தமிழ்ப் பெண்ணுக்கும் கீழ்வீட்டுக் கிழவிக்கும் நடுவில் ஒரு முழுச் சிறுகதை இருக்கிறது. சிவசுப்பிரமணியர் கோயில் திருவிழாவை உள்ளூர்ப் பத்திரிகைகள் வண்ணத் திருவிழா என்று எழுதுகின்றன; எங்கள் பத்திரிகைகள் பக்திச் செய்தியாக எழுதுகின்றன. திருவிழாக் கூட்டத்தை மாடத்தில் நின்று பார்க்கிற அயலவரை எவரும் எழுதி நான் பார்க்கவில்லை. 1954இலிருந்து பெல்செனெக் மேட்டுக்கு ஓடுகிற தொங்கு வண்டியில், ஊரிலிருந்து வரும் உறவினரை ஏற்றிக்கொண்டு போய் ஏரியைக் காட்டுகிறோம். அந்தச் சில நிமிடம் நாங்கள் இந்த நாட்டின் சொந்தக்காரர்போலக் கதைக்கிற தொனி இருக்கிறதே, அதை எழுதத் தெரிந்தவர் எழுதினால் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

லொசானிலும் ஜெனீவாவிலும் பிரெஞ்சில் படித்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் தமிழும் எழுதத் தெரிந்த ஒருவர் பூவியேயை மூலத்திலிருந்து மொழிபெயர்க்கலாம். காலியிலிருந்து தொடங்கவேண்டாம், அது உடனே சண்டையில் முடியும். அரக்கிச்சோ பக்கங்களை முதலில் செய்யட்டும், முப்பது நாற்பது பக்கங்கள் போதும். இந்தச் சஞ்சிகையின் இரண்டு இதழ்களுக்குள் அடங்கும்.