பரம்பரை தந்த பேரும் தராத சோறும்

பிரேசிலில், அமேசான் காட்டுக்கு நடுவே, மனௌஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஆற்றுத் துறைமுகமும் தொழிற்சாலைகளும் சேர்ந்த ஊர். 1986இல் அங்கே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஜோசே ஆல்டோ, பதின்வயதிலேயே ரியோ டி ஜெனிரோவுக்கு வந்துவிட்டார். தங்க வீடில்லாமல் பயிற்சிக்கூடத்திலேயே படுத்துக்கொண்டார். பல நாள் சரியான சாப்பாடும் இல்லை. 2009 நவம்பரில் மைக் பிரவுனை வீழ்த்தி, கலப்புத் தற்காப்புக் கலையின் இறகு எடைப் பிரிவில் உலகப் பட்டத்தை வென்றார். யூ.எஃப்.சி. நிறுவனம் அந்தப் பிரிவைத் தொடங்கியபோது முதல் சாம்பியனும் அவரே. 2005 முதல் 2015 வரை பத்தாண்டுகள் அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை.

துறைமுகம், ஆலை, ஏழ்மை, சண்டை ஆகிய நான்கும் வடசென்னைக் கரையிலுள்ள காத்திவாக்கத்துக்குத் தெரியாதவை இல்லை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்குமான இந்தக் கரை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் குத்துச்சண்டைக்காரர்களை வளர்த்திருக்கிறது. அப்படியிருந்தும் இங்கிருந்து ஓர் ஆல்டோ ஏன் கிளம்பவில்லை? திறமைக் குறைவு என்று சொல்பவர்கள் இந்த மண்ணை அறியாதவர்கள். எனக்குத் தெரிந்தவரை, ஒரு வீரரின் ஆயுளைத் தீர்மானிப்பது அவருக்குப் பின்னால் நிற்கும் அமைப்பு. நம்மிடம் இருந்த அமைப்புக்குப் பெயர் பரம்பரை. அது எதைச் செய்தது, எதைச் செய்யத் தவறியது என்று இப்போதாவது எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று வாத்தியார்களின் வழியில் பிரிந்து நின்றவை அந்தப் பரம்பரைகள். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஆங்கிலோ இந்தியர்களும் ஆடிய விளையாட்டை மீனவர்களும் துறைமுகக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் பார்த்துக் கற்று, தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சுவரொட்டிகளில் அதற்கு "ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை" என்று பெயர். பகலெல்லாம் மூட்டை தூக்கியவன் சாயங்காலம் வாத்தியார் முன்னால் போய் நிற்பான். வாத்தியார் காசு கேட்கமாட்டார். கால் வைக்கும் முறை, தோளைச் சாய்த்து அடியைத் தப்பவிடும் முறை, எதிராளியின் மூச்சைக் கணித்து அடிக்கும் முறை என்று ஒவ்வொரு பரம்பரைக்கும் தனிப் பாணி இருந்தது. எழுத்தறியாத மனிதர்கள் கையிலிருந்து கைக்கு மாற்றிக் காப்பாற்றிய அறிவு அது. அதைப் போகிறபோக்கில் "தெருச் சண்டை" என்று தள்ளிவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

அந்த அறிவு மரியாதையையும் கொண்டுவந்தது. ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெரியை ராயபுரத்து கித்தேரி முத்து வீழ்த்திய கதையை இந்தப் பகுதியில் இன்றும் சொல்வார்கள். பெரியாரே அவரைப் பாராட்டிப் பட்டம் தந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். ஆளுகிற இனத்தின் பக்கத்தில் நின்ற ஒருவரை, அவர்களுடைய விளையாட்டில், அவர்களுடைய விதிப்படியே ஒரு மீனவர் வென்றார் என்ற செய்தி அன்றைய குப்பங்களுக்கு என்னவாக இருந்திருக்கும்! கோயிலிலும் கடையிலும் தள்ளி நிறுத்தப்பட்டவர்களுக்குக் கயிற்று வளையத்துக்குள் மட்டும் சமமான இடம் கிடைத்தது. பரம்பரை முறையின் ஆகப் பெரிய சாதனையாக நான் இதைத்தான் கருதுகிறேன். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது அவ்வளவு கூட்டம் திரண்டது சும்மா இல்லை. உள்ளூர் வீரர் ராக்கி பிராஸும் அந்த மேடையில் அலியோடு கையுறை மாட்டி நின்றார். அலியின் காலாட்டத்தைப் பார்த்துப் பொருள் புரிந்துகொள்ளக்கூடிய பார்வையாளர்கள் இந்த ஊரில் ஏற்கெனவே இருந்தார்கள்.

ஆனால் அந்த ரோசத்துக்குள்ளேயே நோயும் இருந்தது. வளையத்தில் அடி வாங்குபவன் ஒருவன். மானம் போவது முழுப் பரம்பரைக்கும். தோல்வியை ஒரு விளையாட்டு முடிவாக ஏற்க யாராலும் முடியவில்லை. நடுவரின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் நாற்காலி பறக்கும். மைதானத்தில் தொடங்கிய தகராறு தெருவுக்கு வரும். போலீஸ் அனுமதி கிடைப்பது அரிதாகி, கண்ணப்பர் திடல் போன்ற இடங்களில் டிக்கெட் விற்று நடந்த பந்தயங்கள் மெல்ல ஓய்ந்தன. பந்தயம் நின்றதும் வீரனுடைய ஒரே வருமானமும் நின்றது. உடம்பு மட்டும் பலமாக இருந்த அந்த இளைஞர்களைத் தேடி வந்தவர்கள் யாரென்று வடசென்னைக்குத் தெரியும்: கட்சிக்காரர்கள், சாராய வியாபாரிகள், கந்துவட்டிக்காரர்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்த வித்தை அடியாள் வேலைக்குப் பயன்பட்டது. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் இந்தச் சறுக்கலை நேர்மையாகக் காட்டியது. ஆனாலும் கடைசியில் நாயகன் மீண்டு வந்து வெல்கிறான். நிஜத்தில் அப்படி மீண்டவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு குறை இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஆல்டோ ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் நாள், இடம், எதிராளி, எந்தச் சுற்றில் எப்படி முடிந்தது என்ற பதிவு இருக்கிறது. 2012 ஜனவரியில் ரியோவில் சாட் மெண்டஸை முழங்காலால் வீழ்த்திவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினாரே, அதை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கித்தேரி முத்துவின் போட்டிகளுக்கு அப்படி ஒரு பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள்? பழைய நோட்டீஸ்கள், மங்கிய புகைப்படங்கள், பேரன்களின் ஞாபகங்கள். பரம்பரைகள் வாய்வழியாக வாழ்ந்தன. பதிவில்லாத வீரனுக்குத் தரவரிசையில் இடமில்லை. தரவரிசையில் இல்லாதவனை வெளியூர்க்காரன் போட்டிக்கு அழைக்கமாட்டான். வயதான பிறகு ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பம் போட்டாலும், "நீங்கள் ஆடியதற்கு ஆதாரம் என்ன?" என்ற கேள்விதான் முதலில் வரும். மருத்துவர் இல்லாமல் நடந்த பந்தயங்களில் மண்டையில் வாங்கிய அடிகளுக்கும் கணக்கில்லை. டெரியோடு மோதிய அருணாசலம் என்ற வீரர் அந்த அடியிலேயே உயிரிழந்தார் என்று சொல்வார்கள். அதைக்கூட ஒரு வீரக்கதையாகச் சொல்கிறோமே தவிர, தடுத்திருக்க வேண்டிய சாவாகச் சொல்வதில்லை.

பிரேசிலில் ஆரம்பம் இதைவிட ஒழுங்காக இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். ஜப்பானிலிருந்து வந்த மிட்சுயோ மயேடாவிடம் கற்ற கிரேசி குடும்பம் ஜூஜிட்ஸுவை வளர்த்தது. ரியோவின் வசதிபடைத்த பகுதிகளில் அது பரவியது. ஏழைப் பிள்ளைகள் 'லூட்டா லிவ்ரே' என்ற மல்யுத்த வகைக்குப் போனார்கள். இரு தரப்பும் கடற்கரையில் அடித்துக்கொண்டார்கள்; ஒருவர் கூடத்துக்குள் மற்றவர் புகுந்து சண்டையிட்டார்கள். சார்பட்டாவும் இடியப்பனும் மோதியதைவிட மோசமான பகை. ஆனால் 1991இல் இரு தரப்பும் ஒரே மேடையில் விதி வகுத்துக்கொண்டு மோதின. தொலைக்காட்சி அதை நாடு முழுக்கக் காட்டியது. 1993இல் அமெரிக்காவின் டென்வரில் முதல் யூ.எஃப்.சி. போட்டியை ராய்ஸ் கிரேசி வென்றபோது உலகச் சந்தை திறந்தது. 1995இல் ஆந்த்ரே பெடர்னெய்ராஸும் வெண்டெல் அலெக்ஸாண்டரும் சேர்ந்து தொடங்கிய நோவா உனியோ என்ற பயிற்சிக்கூடம் பணமில்லாத பையன்களையும் சேர்த்துக்கொண்டது. ஆல்டோ படுத்துறங்கியது அந்தக் கூடத்தில்தான். பெடர்னெய்ராஸ் அவருக்குப் பயிற்சியாளர் மட்டும் இல்லை, போட்டி ஏற்பாடு செய்பவர், ஒப்பந்தம் பேசுபவர், ஒருவகையில் பெற்றவர். நம் வாத்தியாரிடம் இருந்த அன்பு அங்கேயும் இருந்தது. அதோடு தங்கும் இடம், உள்ளூர்ப் போட்டி, வெளிநாட்டுக்குப் போகும் வழி என்று ஏறுவதற்கான படிகளும் இருந்தன. நம்மிடம் இல்லாமல் போனது அந்தப் படிகள்.

அந்தப் படிகளின் உச்சியில் என்ன இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் கானர் மெக்கிரகர் 13 வினாடியில் ஆல்டோவை வீழ்த்தினார். பத்தாண்டு தோல்வியே அறியாதவரை உலகம் அந்த 13 வினாடியை வைத்தே இன்றும் நினைவுகூர்கிறது. மறுஆண்டு, மறுபோட்டி தராமல் நிறுவனம் இழுத்தடித்ததால் மனம் வெறுத்த ஆல்டோ, ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும்படி வெளிப்படையாகக் கேட்டார். விடவில்லை. யூ.எஃப்.சி.யின் வருமானத்தில் வீரர்களுக்குப் போவது 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அவர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்தது. 2014இல் தொடங்கிய அந்த வழக்கு, 37.5 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிய 2025 ஆனது.

எடைக் குறைப்பு அதைவிடக் கொடுமை. போட்டிக்கு முந்தைய நாள்களில் தண்ணீர் குடிக்காமல், வெந்நீரிலும் போர்வையிலும் கிடந்து கிலோ கிலோவாக உடம்பை வற்றவைக்கிறார்கள். 2013 செப்டம்பரில், பெடர்னெய்ராஸ் ரியோவில் நடத்தவிருந்த போட்டிக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த லியாண்ட்ரோ சோசா என்ற 26 வயது நோவா உனியோ வீரர் எடை பார்க்கும் நாளிலேயே இறந்துபோனார். நான் போற்றுகிற அதே கூடத்தைச் சேர்ந்தவர் அவர். அன்பும் ஒழுங்கும் இருந்த இடத்திலும், மருத்துவரின் சொல் பயிற்சியாளரின் சொல்லுக்கு மேலே இல்லாவிட்டால் பிள்ளை சாவான்.

அதனால், கூண்டுக்குள் நடக்கும் சண்டையை அப்படியே கொண்டுவந்து வடசென்னையில் இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இந்தியாவில் 2012இலேயே சூப்பர் ஃபைட் லீக் தொடங்கியது. 2024 ஜூனில் பூஜா தோமர் யூ.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியரானார். பெருமைதான். ஆனால் கலப்புத் தற்காப்புக் கலை ஒலிம்பிக் விளையாட்டு இல்லை. நம் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பைத் திறந்துவிடும் விளையாட்டு ஒதுக்கீடு இன்னும் குத்துச்சண்டைக்குத்தான் கைகொடுக்கிறது. 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தமிழ்நாட்டு வீரர் வி. தேவராஜனுக்கு அடுத்த ஆண்டே அர்ஜுனா விருது கிடைத்தது. அவருக்குப் பின்னால் அந்த உயரத்துக்கு ஒரு வரிசை ஏன் எழவில்லை என்பதை யோசிக்க வேண்டும். ஹரியானாவின் பிவானி சின்ன ஊர்தான். ஜெகதீஷ் சிங் என்ற பயிற்சியாளர் அங்கே நடத்திய ஒரு சங்கத்திலிருந்து 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு விஜேந்தர், அகில், ஜிதேந்தர் மூவரும் போனார்கள். விஜேந்தர் வெண்கலத்தோடு திரும்பினார். பிவானிக்கு முடிந்தது.

பெண்களைப் பற்றிப் பரம்பரைகள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 2016இல் 'இறுதிச்சுற்று' படம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண்ணைக் கையுறையோடு காட்டியபோது ஊரே கைதட்டியது. அந்த வேடமேற்ற ரித்திகா சிங் சூப்பர் ஃபைட் லீக்கில் உண்மையாகவே சண்டையிட்டவர். அதற்கு மூன்றாண்டு முன்னால் நார்வேக்காரர்கள் எடுத்த 'லைட் ஃபிளை, ஃபிளை ஹை' என்ற ஆவணப்படம், அரசு வேலைக்காகக் குத்துச்சண்டையை நம்பிய சென்னைப் பெண் துளசியைப் பின்தொடர்ந்தது. சங்கத்தில் அதிகாரத்தில் இருந்தவர் மீது அவர் பாலியல் புகார் சொல்ல வேண்டியிருந்தது. வாத்தியார் சொல்லே வேதம் என்ற பழைய ஒழுக்கம், கெட்டவன் கையில் அதிகாரம் போகும்போது ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

காத்திவாக்கத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. குத்துச்சண்டைக்கு முதல் மூலதனம் நுரையீரல். விடியற்காலையில் ஓட வேண்டிய பிள்ளைகள் இங்கே எந்தக் காற்றில் ஓடுகிறார்கள்? அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுக நிலக்கரித் தூசி, ஆலைப் புகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றிலும் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். இந்தக் காற்றில் வளர்ந்து மூன்று சுற்று தாக்குப்பிடிக்கிற ஒரு பையனைப் பார்த்தால் எனக்குப் பெருமையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன.

பரம்பரை முறையை மீட்டெடுக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதை அப்படியே மீட்டெடுக்கக் கூடாது என்பது என் தீர்ப்பு. காசு வாங்காமல் கற்றுக்கொடுத்த மனம், தனிப் பாணிகள், குப்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்த தலைநிமிர்வு, இவற்றை எடுத்துக்கொள்வோம். பகையையும் பதிவின்மையையும் ஆண்களுக்கு மட்டும் திறந்த கதவையும் விட்டுவிடுவோம். நோவா உனியோவிடமிருந்து படுக்கையும் சாப்பாடும் அடுத்த போட்டிக்கான தேதியும் தரும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம்; எடைக் குறைப்பை வாசலுக்கு வெளியே நிறுத்துவோம்.

அரசு குத்துச்சண்டைக்கென்று கோபாலபுரத்தில் அகாடமி கட்டியிருக்கிறது. காத்திவாக்கத்திலிருந்து அது 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பள்ளி விட்டதும் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்த் திரும்ப ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணால் முடியாது. மாநகராட்சியின் முதல் மண்டலத்தில், காற்றை வடிகட்டும் வசதியோடு மூடிய கூடம் ஒன்று வேண்டும். பெண் பயிற்சியாளரும் போட்டியை நிறுத்தும் அதிகாரமுள்ள மருத்துவரும் அங்கே இருக்க வேண்டும். இத்தனை ஆலைகளிலிருந்து சமூகப் பொறுப்பு நிதி போகிறதே, அதில் ஒரு பங்கை இதற்குக் கேட்பது நம் உரிமை. உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரைக்கும் உங்கள் தெருவில் பழைய வாத்தியாரோ வீரரோ இருந்தால், அவர் ஆடிய போட்டிகளை இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வாங்கி வையுங்கள்.