ரயிலில் போகிறவருக்கு ஒரு எழுத்து

சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் புகழ்பெற்ற கொடியில் ஒரே ஒரு எழுத்துதான் இருக்கும். வெள்ளைத் துணி, அதில் நீல நிறத்தில் ஆங்கில 'டபிள்யூ'. அணியின் பெயர் கிடையாது, கரடிக்குட்டி படம் கிடையாது, ஊர் பெயரும் கிடையாது. ஜெயித்தாயிற்று என்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து, அவ்வளவுதான். 2016இல் கப்ஸ் 108 வருடம் கழித்து சாம்பியன் ஆனபோது இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் 'நம்பிக்கையின் சின்னம்' என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்னமாகப் பார்த்தால் அது சுமாரான கொடி. செய்தியாகப் பார்த்தால் அற்புதமான கொடி. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நீட்டியே பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

அவர்கள் மைதானமான ரிக்லி ஃபீல்டு 1914இல் கட்டப்பட்டது. கப்ஸ் அங்கே குடிவந்தது 1916இல். நமக்கு வேண்டிய வருடம் 1937. அப்போது இருபத்து மூன்று வயதான பில் வீக் (பின்னாளில் வேறு அணிகளுக்கு முதலாளியாகி, பாதி கோமாளி பாதி மேதை என்று பேர் வாங்கியவர்) மைதானத்தின் செங்கல் சுவரை ஒட்டி ஐவி படரவிட்டார். அதே வருடம்தான் நடு மைதானத்துக்கு எதிரே உயரத்தில் அந்தப் பெரிய ஸ்கோர்போர்டும் எழுந்தது, அதன் தலைக்கு மேல் கம்பங்களும். சுவரில் ஒரு கொடி, கம்பத்தில் ஒரு கொடி. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற மொழியில் இதை எழுதுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

அந்த ஸ்கோர்போர்டில் இன்றும் ஆட்கள் உள்ளே உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். மேலே கம்பங்களில் லீக்கின் மற்ற அணிகளுடைய கொடிகளும் உண்டு. அவை அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. புள்ளிப்பட்டியலில் எந்த அணி மேலே, எது கீழே என்ற வரிசைப்படி ஏற்றப்படுபவை. வரிசை மாறினால் கொடிகளும் இடம் மாறும். அதாவது, துணியால் ஆன ஒரு டேட்டா டேபிள். ஆட்டம் முடிந்ததும் கடைசித் தகவலாக ஏறுவதுதான் நாம் பேசுகிற கொடி. ஜெயித்தால் 'டபிள்யூ', தோற்றால் 'எல்'. எல் கொடியில் நீலத் துணி, வெள்ளை எழுத்து. ஆரம்ப காலத்தில் நிறங்கள் தலைகீழாக இருந்தன. பிறகு மாற்றிக்கொண்டார்கள். அதனால் உலகம் முழுக்கச் சரணடைவதற்குத் தூக்குகிற வெள்ளைக் கொடியை ஜெயிப்பதற்குத் தூக்குகிற ஊராக அது ஆகிப்போனது.

இந்தக் கொடி யாருக்கு? மைதானத்துக்குள் இருப்பவருக்கு இது தேவையே இல்லை. அவர் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவர். மைதானத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், தூண்கள் மேல் உயரத்தில் ரயில் போகிறது. அடிசன் ஸ்டேஷன். அந்த ரயிலுக்கும் ஊரில் பேர் 'எல்' என்பது தனி வேடிக்கை. அதில் போகிறவருக்குத்தான் இந்தக் கொடி.

இதற்குப் பின்னால் ஒரு கால அட்டவணை இருக்கிறது. ரிக்லி ஃபீல்டில் 1988 ஆகஸ்ட் வரை இரவு ஆட்டமே கிடையாது. விளக்கு போட 1941இலேயே பொருட்கள் வாங்கி வைத்திருந்தார் முதலாளி பி.கே. ரிக்லி, சூயிங்கம் கம்பெனிக்காரர். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் அவற்றைப் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் நாற்பத்தேழு வருடம் பகலாட்டம்தான். மதியம் தொடங்கி, ஆபீஸ் விடுகிற நேரத்தையொட்டி முடியும். டவுன்டவுனில் வேலை முடித்து வடக்கே வீடு திரும்புகிற குமாஸ்தாவுக்கு ஆட்டம் என்ன ஆனது என்று தெரியாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். ஒரு எழுத்து. ஓடுகிற ரயிலிலிருந்து அதற்கு மேல் படிக்கவும் முடியாது. அங்கே இல்லாதவருக்காக எழுதப்பட்ட, எழுத்தெண்ணிக்கையில் அதைவிடச் சுருக்க முடியாத ஒரு பிரதி.

என் தொழில் சாஃப்ட்வேர் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதை ஒரு 'பிட்' தகவல் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் மூன்று நிலைகள். டபிள்யூ இருந்தால் ஜெயம். எல் இருந்தால் தோல்வி. எதுவும் இல்லாவிட்டால் ஆட்டம் இன்னும் முடியவில்லை, அல்லது இன்றைக்கு ஆட்டமே இல்லை. இப்போது எல் கொடியை எடுத்துவிடுங்கள். வெற்றுக் கம்பத்தைப் பார்க்கிற பயணிக்கு என்ன புரியும்? தோற்றுவிட்டார்களா, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்களா? டபிள்யூ நம்பகமானதாக இருப்பதற்கே எல் வேண்டும். வெற்றியை மட்டும் அறிவிக்கிற டேஷ்போர்டுகளோடு நான் வேலை செய்திருக்கிறேன். ஒரு மாதத்தில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

அந்த எல் கொடிக்கு வேலை கொஞ்சநஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016க்கு முன் கப்ஸ் கடைசியாக சாம்பியன் ஆனது 1908. கடைசியாக இறுதித் தொடருக்குப் போனது 1945. (ஆட்டுக்கிடாச் சாபக் கதையை இங்கே தவிர்க்கிறேன். சோம்பேறிப் பத்திரிகையாளர்களுக்கு அது போதுமான அளவு சோறு போட்டுவிட்டது.) 1962இல் 103 தோல்வி, 1966இலும் அதே 103. எர்னி பேங்க்ஸ் இந்த அணிக்காக 2,528 ஆட்டங்கள் ஆடினார், பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் ஓய்வு பெற்றார். இடதுபக்கக் கம்பத்தில் அவருடைய 14ஆம் எண் கொடி பறக்கிறது. இத்தனை வருடங்களில் எந்த நிர்வாகமாவது 'எதுக்குப்பா நம்ம தோல்வியை நாமே ஊருக்கெல்லாம் காட்டணும்' என்று கேட்டு அந்த நீலத் துணியை மடித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எனக்கு கப்ஸ் மேல் மரியாதை வந்த இடம் இதுதான்.

2015, 2016இல் என்ன ஆனது என்றால், டபிள்யூவைப் பறக்கவிடு என்பது அணியின் அதிகாரபூர்வ கோஷமாகி, ஹேஷ்டேக் ஆகி, டீ ஷர்ட் ஆகி, கார் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஆனது. ரசிகர்கள் கொடியைக் கையிலேயே கொண்டுபோக ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர் மில்வாக்கி மைதானத்தில் கப்ஸ் ஆடினால் கூட்டம் அப்படிக் குவியும், அதை வடக்கு ரிக்லி என்றே கேலியாகச் சொல்வார்கள். அங்கேயும் கடைசி விக்கெட் விழுந்ததும் (பேஸ்பாலில் 'அவுட்', எனக்குப் பழக்கதோஷம்) நூற்றுக்கணக்கில் டபிள்யூ. யார் யாருக்குச் சொல்கிறார்கள்? பார்த்தவர் பார்த்தவருக்குக் காட்டுகிறார். செய்தி, அடையாள அட்டையாகிவிட்டது. எல் கொடியோ வேறு இடத்துக்குக் குடிபோனது. இப்போது அதை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எதிரணி ரசிகர்கள், வெறுப்பேற்றுவதற்கு.

ஃபோனிலேயே ஸ்கோர் வருகிற காலத்தில் கொடி செய்தி சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு ப்ராஜெக்டுக்காக சிகாகோவில் எட்டு மாதம் இருந்தபோது ரெட் லைன் ரயிலில்தான் போய்வந்தேன். எல்லார் கையிலும் ஃபோன், எல்லாருக்கும் முடிவு தெரியும். இருந்தும் அடிசன் நெருங்கும்போது நாலைந்து தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பும். தெரிந்த விஷயத்தைத் திரும்பப் படிப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது. வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டபிள்யூவைவிட எனக்குப் பிடித்த எழுத்து ஒன்று மைதானத்துக்கு வெளியே, ஷெஃபீல்டு தெருவில் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது. லத்தீனில் 'எயாமுஸ் கட்டூலி' என்று ஒரு போர்டு. 'கமான் கப்ஸ்' என்று சொல்வதாக அவர்கள் நினைப்பு. நேராகப் பெயர்த்தால் 'குட்டிகளே, போகலாம் வாங்க' என்று வரும், ஸ்கூல் பிள்ளைகளை வரிசையில் அழைத்துப்போகிற டீச்சர் மாதிரி. அதன் பக்கத்தில் 'ஏசி' என்று போட்டுச் சில எண்கள். கப்ஸ் சகாப்தத்தின் ஆண்டுக் கணக்கு. கடைசியாக டிவிஷன் வென்று எத்தனை வருடம், லீக் வென்று எத்தனை வருடம், உலகத் தொடர் வென்று எத்தனை வருடம். 2015 முடிவில் கணக்கு 07, 70, 107. தன் தோல்வியின் வயதைத் தானே கூட்டிக்கொண்டு போகிற ரசிகர் போர்டு. அலங்காரமோ அழுகையோ இல்லை, எண்கள் மட்டும். நல்ல கவிதை செய்ய வேண்டியதை அது செய்கிறது.

2016 நவம்பர் 2 இரவு, கிளீவ்லாந்தில், ஏழாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் சமன், மழையால் பதினேழு நிமிடம் நிறுத்தம், பத்தாவது இன்னிங்ஸில் 8-7. ஷெஃபீல்டு தெரு எண்கள் எல்லாம் பூஜ்யமாயின. ஆட்டத்தைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைச் சுற்றி நடந்த எழுத்து முக்கியம்.

அந்த நாட்களில் ரிக்லி ஃபீல்டின் வெளிச் சுவர்களில் ரசிகர்கள் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார்கள். யாரும் ஏற்பாடு செய்ததில்லை. முதலில் கை எட்டிய உயரம்வரை. அப்புறம் இடம் போதாமல் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, அதற்கு மேல். பெரும்பாலும் பெயர்கள். அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன். இதைப் பார்க்காமல் செத்துப்போனவர்கள். மழை வந்தால் அழியும் என்று தெரிந்தே எழுதினார்கள். இன்னும் சிலர் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே சமாதிகள் பக்கத்தில் சின்ன டபிள்யூ கொடிகளை மண்ணில் செருகிவிட்டு வந்தார்கள்.

கடைச் சரக்காகிப்போன அதே கொடிதான் அது. துணியும் அதே, எழுத்தும் அதே. ஆனால் இந்த முறை படிக்கிறவர் ஆட்டத்தைப் பார்த்தவர் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் முடிவு தெரியாமல் போனவர். 1937இல் கம்பத்தில் ஏற்றியவர்கள் யாருக்காக ஏற்றினார்களோ, அந்த மாதிரி ஆள். விளம்பரத் துறை பறித்துக்கொண்ட வேலையை அந்தக் கொடி திரும்ப வாங்கிக்கொண்டது மண்ணில் செருகிய அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். எல் கொடியை யாரும் சமாதிக்குக் கொண்டுபோகவில்லை. அவசியமும் இல்லை. தோல்வி பற்றி அங்கே படுத்திருந்தவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

எண்கள் பூஜ்யத்தில் நிற்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் ஷெஃபீல்டு தெரு போர்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தது. ஸ்கோர்போர்டில் இரண்டு கொடிகளும் பழையபடி வேலை பார்க்கின்றன. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்கிற வழக்கம் பேஸ்பாலில் உண்டு. ஒன்றை ஜெயித்து ஒன்றைத் தோற்றால் ரிக்லி ஃபீல்டில் டபிள்யூ, எல் இரண்டையும் ஏற்றிவிடுகிறார்கள். எது முதல் ஆட்டம், எது இரண்டாவது என்று ரயிலிலிருந்து பார்த்தால் தெரியாது.