தாளில் எழுதுவதும் தலைமுடி காட்டுவதும்

கடந்த 30 நாளில் மது குடித்தாயா? கஞ்சா புகைத்தாயா? எத்தனை முறை? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘மானிட்டரிங் த ஃப்யூச்சர்’ ஆய்வு 1975 முதல் ஆண்டுதோறும் அமெரிக்க மாணவர்களிடம் வகுப்பறையிலேயே இப்படிக் கேட்டு வருகிறது. முதலில் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும். 1991இல் எட்டும் பத்தும் சேர்ந்தன.

இத்தனை ஆண்டுகளாக ஒரே விதமாகக் கேட்பதுதான் இதன் பலம். மறைப்போரின் விகிதம் பெரிதாக மாறாதவரை, பழக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இது நன்றாகவே காட்டும். வீம்புக்கு மிகைப்படுத்துவோரைப் பிடிக்கவும் வழியுண்டு: ஐரோப்பாவின் எஸ்பாட் ஆய்வு ‘ரெலெவின்’ என்ற, உலகில் இல்லாத போதைப்பொருளையும் வினாத்தாளில் சேர்த்தது.

மறைப்பவர்களைப் பிடிப்பதுதான் கடினம். டெட்ராய்ட் நகரில் நானூறுக்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் நடத்திய ஆய்வு 2010இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. கொக்கைன் பயன்பாடு தலைமுடிப் பரிசோதனையில் வெளிப்படும் வாய்ப்பு, பிள்ளைகள் தாமே ஒப்புக்கொள்வதைப்போல் 52 மடங்கு. பெற்றோரும் தங்கள் பயன்பாட்டை மறைத்திருந்தார்கள்.

அதற்காக முடி சொல்வதே தீர்ப்பு என்று கொள்ளவும் முடியாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், 3 செ.மீ. நறுக்கினால் மூன்று மாத வரலாறு கிடைக்கும். ஆனால் எப்போதோ ஒருமுறை கஞ்சா இழுத்த பிள்ளையை அது பெரும்பாலும் தவறவிடும். பதின்வயதுப் பழக்கம் பலருக்கு அந்த அளவில்தான் இருக்கிறது. கருமுடியில் சில பொருள்கள் கூடுதலாகப் படிகின்றன. வீட்டில் வேறொருவர் புகைத்ததன் தடயமும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அந்த 52 மடங்கையும் நிதானமாகத்தான் படிக்க வேண்டும்.

தவறான பதிலெல்லாம் பொய்யும் அல்ல. அதே இதழில் 2019இல் வந்த இன்னொரு ஆய்வில், நிகோட்டின் இல்லாத இ-சிகரெட்டை மட்டுமே இழுப்பதாக நம்பிய இளையோரில் 40 சதவீதத்தினரின் சிறுநீரில், நிகோட்டின் உடைந்து உருவாகும் கோட்டினின் கணிசமாக இருந்தது. உள்ளே போவது எதுவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. எவ்வளவு ரகசியம் காத்தாலும், எவ்வளவு நயமாகக் கேட்டாலும் வினாத்தாளால் இதைச் சரிசெய்ய முடியாது. பதிலளிப்போரில் ஒரு சிறு பகுதியினரிடம் சிறுநீரோ உமிழ்நீரோ பெற்று ஒப்பிட்டால் பிழையின் அளவாவது தெரியவரும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, அன்று வகுப்பறையில் இல்லாத பிள்ளை. இடைநின்றவர்களிடமும் அடிக்கடி மட்டம் போடுபவர்களிடமும் போதைப் பழக்கம் அதிகம் என்பது ஆய்வாளர்கள் அறிந்ததுதான். பள்ளிக் கணக்கெடுப்போ அவர்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பரிசோதனைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், இவர்களைத் தேடிச்சென்று கேட்க ஒதுக்குவதே முறை.